ஒண்ணும் கேக்கல மச்சான்

“ஒண்ணும் கேக்கல மச்சான். வெறும் இரைச்சல்தான் வருது” என்றது ரேடியோ.

வயர்லெஸ்காரர் மைக்கை மேசைமேல் வைத்துவிட்டு மெக்கானிக்கைப் பார்த்தார். “பாத்தீங்களா தம்பி? அவன் பேசறது எனக்கு மணி மாதிரி கேக்குது. நான் பேசறது அவனுக்குப் போகல. மூணு வாரமா இதே கூத்துதான்.”

வயர்லெஸ்காரரும் அந்தப் பக்கம் பேசியவரும் துறைமுகத்தில் முப்பது வருடம் ஒரே அறையில் வேலை பார்த்தவர்கள். அவருடைய தங்கையைத்தான் இவர் கட்டியிருந்தார். ஓய்வு பெற்றபோது, துறைமுகம் கழித்துப்போட்ட இரண்டு பழைய செட்டுகளை ஆளுக்கொன்றாக வாங்கி வந்து, ஆற்றுக்கு இந்தக் கரையில் ஒன்றும் அந்தக் கரையில் ஒன்றுமாக வைத்துக்கொண்டார்கள்.

“அதுவரைக்கும் போன்ல பேசலாமே சார்?”

“போன்ல ‘நல்லா இருக்கியா’ன்னு கேட்டா பேச்சு முடிஞ்சுபோச்சு. இதுல உக்காந்தாதான் எனக்கு வாயே திறக்கும்.”

மெக்கானிக் செட்டின் மூடியைக் கழற்றினார். வயர்லெஸ்காரரின் மனைவி ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு கணவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து டார்ச் பிடித்தாள்.

“நல்லாப் பாருங்க தம்பி. பாவம், இவருக்கு இது இல்லாம பொழுதே போகல” என்றாள்.

மெக்கானிக் முதலில் மைக் வயரைப் பார்த்தார். அறுந்திருக்கவில்லை. மைக்கின் பட்டனைப் பிரித்துத் துடைத்தார். பட்டனை அழுத்தியதும் உள்ளே ரிலே ‘டக்’கென்று சத்தம் போட்டது. உள்ளே கண்ணாடி வால்வுகள் ஒழுங்காக எரிந்தன. ஆண்டெனா போகும் வழியில் மீட்டரை மாட்டிவிட்டுப் பேசிப் பார்த்தால், முள் துள்ளி எழுந்தது.

அவர் வேலை பார்த்த இரண்டு மணி நேரமும் வயர்லெஸ்காரர் மனைவிக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். “இதுதான் ரிலே. நம்ம வீட்டுக் கதவு மாதிரி. ஒரு நேரத்துல உள்ள வரலாம், இல்ல வெளிய போகலாம்.” அவளும் “அப்படியா, அப்படியா” என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

மெக்கானிக்குக்குத் தலை சுற்றியது. அவர் கைவைத்து உயிர் வராத செட்டு இதுவரை இல்லை. இங்கே எல்லாமே சரியாக இருந்தது, குரல் மட்டும் போய்ச் சேரவில்லை.

“இன்னொரு தடவை பேசுங்க சார்.”

வயர்லெஸ்காரர் பேசினார். பட்டனை விட்டார். “ஒண்ணும் கேக்கல மச்சான்” என்று பதில் வந்தது.

மெக்கானிக்கின் கை அப்படியே நின்றது. அவர் நிமிர்ந்து, “சார், நீங்க மொட்டைமாடிக்குப் போய் ஆண்டெனா வயர் தளர்ந்திருக்கான்னு பாத்துட்டு வாங்க. அம்மா, எனக்கு ஒரு டீ” என்றார்.

இருவரும் போனதும் மைக்கை எடுத்தார்.

“சார், உங்க மச்சான் ஒண்ணு சொன்னார். அந்தக் காலத்துல வயர்லெஸ் பரீட்சையில நீங்க அவரைப் பாத்துக் காப்பியடிச்சுத்தான் பாஸ் பண்ணீங்களாமே?”

“யார் சொன்னது? அவன்தான்யா என் பேப்பரைப் பாத்து எழுதினான்” என்று சீறியது ரேடியோ.

உடனே குரல் தாழ்ந்தது.

“தம்பி, அவன் பக்கத்துல இருக்கானா?”

“மாடியில இருக்கார். ஏன் சார் இப்படிப் பண்றீங்க? என் பேரு கெட்டுப்போகும்ல?”

“என்மேல தப்பு இல்ல. என் தங்கச்சி உத்தரவு.”

மெக்கானிக் திரும்பினார். வாசற்படியில் டீ டம்ளரோடு அவள் நின்றுகொண்டிருந்தாள்.

“செட்டு ஓடினவரைக்கும் இதோடதான் இவருக்குக் குடித்தனம்” என்றாள் குரலைத் தாழ்த்தி. “ஊர்க்கதை, உலகக்கதை எல்லாம் எங்கண்ணனுக்கு. எனக்கு ‘டீ’, ‘கண்ணாடி எங்க’, அவ்வளவுதான். இந்த மூணு வாரமா எல்லாத்தையும் என்கிட்ட சொல்றார். நேத்து என் முழங்கால் வலி எப்படி இருக்குன்னு கேட்டார் தம்பி. அந்த வலிக்கு எட்டு வயசாச்சு.”

மெக்கானிக் டீயைக் குடித்தார். அதற்குள் மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

“வயர் இறுக்கமாத்தான் இருக்கு. என்னதான் கோளாறு?” என்று மூச்சு வாங்கியபடி வந்தார் வயர்லெஸ்காரர்.

அவள் மெக்கானிக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வால்வு சார்” என்றார் மெக்கானிக். தொழிலுக்கு வந்த இத்தனை வருடத்தில் நல்ல வால்வைக் கெட்டதென்று அவர் சொன்னது இதுதான் முதல் தடவை. “பாக்க எரியும், ஆனா சக்தி போயிடுச்சு. இது இப்பல்லாம் சுலபத்துல கிடைக்காது. தேடணும்.”

“அடடா” என்றாள் அவள், முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு.

வயர்லெஸ்காரர் மெக்கானிக்கின் கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை வந்தார். மெக்கானிக்குக்கு மனது உறுத்தியது. தெருவுக்கு வந்ததும் வயர்லெஸ்காரர் ஒருமுறை வீட்டைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

“வால்வுல ஒண்ணும் இல்லன்னு எனக்குத் தெரியும் தம்பி. என் பேச்சே காதுல விழாதவன், நான் பட்டனை விட்ட அடுத்த நொடி எப்படி கரெக்டா பதில் பேசுவான்? முப்பது வருஷம் இதுலயே உக்காந்தவன் நான், முதல் நாளே புரிஞ்சுபோச்சு.”

“பின்ன எதுக்கு சார் என்னைக் கூப்பிட்டீங்க?”

“செட்டைப் பிரிச்சாத்தான் அவ டார்ச்சை எடுத்துக்கிட்டு என் பக்கத்துல வந்து உக்காருறா” என்றார் வயர்லெஸ்காரர், பையை அவர் கையில் கொடுத்தபடி. “அதனால அந்த வால்வை அவசரப்பட்டுத் தேடிடாதீங்க.”