இரண்டு வாளித் தண்ணீர்

எதிர்வீட்டில் பெண்ணுக்குப் பிறந்தநாள். மாடிவீட்டு அக்கா ஜன்னலை விட்டு நகரவில்லை. அன்று அவளுக்கும் கல்யாண நாள். தன் வாணவேடிக்கையை அவர்கள் மிஞ்சிவிடக் கூடாதே!

"என்னங்க, இங்க வாங்களேன்! ரெண்டு வாளித் தண்ணி, ஒரு வாளி மண்ணு, பிள்ளைங்களுக்கு ஷூ, கண்ணாடி வேற. பெரிய ராக்கெட்டா விடப்போறார் போல!"

"காதைப் பொத்திக்கோ," என்று கணவரும் வந்து ஒட்டிக்கொண்டார்.

எதிர்வீட்டுக்காரர் எல்லாரையும் தள்ளி நிற்கவைத்து, கையை முழுசாக நீட்டிக் கொளுத்தினார்.

ஒரே ஒரு கம்பி மத்தாப்பு.

எரிந்து முடிந்த கம்பியை வாளிக்குள் முக்கிவிட்டுத்தான் மூச்சே விட்டார்.

அக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "சரியான பயந்தாங்கொள்ளி! நம்ம பட்டாசுப் பெட்டியப் பிரிங்க, ஊரே பார்க்கட்டும்!"

கணவர் பிரிக்கவில்லை. "காலையில தன் கடையில இத நம்ம தலையில கட்டும்போது இதே மனுஷன் என்ன சொன்னார்?"

"'பயமே வேண்டாம்க்கா, நம்ம கடைச் சரக்கு, பச்சைக் குழந்தைகூடக் கொளுத்தலாம்'னு..."

அக்கா எதிர்வீட்டு வாளிகளைத் திரும்பிப் பார்த்தாள்.

அடுத்த நிமிஷம் எதிர்வீட்டு வாசலில் நின்றாள்.

"தம்பி, பெட்டியத் திருப்பி வாங்கிக்க மாட்டீங்க. அந்த ரெண்டு வாளியையாவது குடுங்களேன்!"