இங்கே இன்னும் இருக்கிறது

சுரண்டும் ஒலி அவளுடைய உள்ளங்காலில் நகர்ந்தது.

படகுக்கு அடியில், தண்ணீருக்குள், அவள் கணவன்.

அடிப்பாகம் முழுக்கக் காக்கா ஆழி. கப்பல்களோடு எங்கிருந்தோ வந்து, கழிமுகத்தில் இறாலுக்கு இடமில்லாமல் செய்த கருஞ்சிப்பி. அதன் கனத்தில் படகு ஒரு மாதமாகத் திணறியது.

உள்ளிருந்து விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பது அவள் வேலை. சுத்தமான இடம் கணீரென்னும். சிப்பி இருக்கும் இடம் மொத்தென்னும். அங்கே மறுபடி தட்டுவாள். அவன் வந்து சுரண்டுவான்.

தட்டினால் ஒரே பொருள்தான். இங்கே இன்னும் இருக்கிறது.

தட்டினாள்.

அவன் வந்தான். அவன் கையிலிருந்த சுரண்டும் தகட்டின் கரகரப்பில் அவளுக்குப் பல் கூசியது.

ஏதோ பிய்ந்தது.

பாதம் நனைந்தது.

விரல் நீளத்துக்கு ஒரு விரிசல். தண்ணீர் கொப்பளித்து ஏறியது.

குதிகாலால் அழுத்தினாள். கீழே தகடு நிற்கவில்லை. குதிகாலுக்கு அடியில் விரிசல் நெகிழ்ந்தது.

அவனை நிறுத்த வேண்டும். தட்டுவதற்குக் கை போனது. பாதியில் நின்றது.

தட்டினால் இன்னும் அழுத்திச் சுரண்டுவான். இதே இடத்தில். படகு உட்காரும். அவன் மேலேயே.

காலை எடுக்காமல் உடலை நீட்டினாள். படகின் முன்பக்கம், நேற்றே சுத்தம் செய்த இடத்தில், தட்டினாள். மறுபடி, பலமாக.

கரகரப்பு நின்றது.

பிறகு முன்பக்கத்தின் கீழே, தகடு வழுக்கும் ஒலி.

தலை மேலே வந்தது. மூச்சு வாங்கியது.

"இன்னாடி தேசம்மா, காது அடச்சிக்கிச்சா? வழவழன்னு கீது. இதுக்கா இவ்ளோ தட்டு?"

அவள் தன் காலைப் பார்த்தாள்.

அவன் விளிம்பைப் பிடித்து எட்டிப் பார்த்தான்.

இடுப்பு வலைப்பையில் கைவிட்டு, கடைசியாகப் பிய்த்த கொத்தை எடுத்தான். சிப்பியின் நார்களில் படகின் நீல வண்ணம் சில்லாக ஒட்டியிருந்தது. இத்தனை நாள் விரிசலை அடைத்திருந்தது இந்தக் கொத்துதான்.

நேற்றும் இதே படகில்தான் முகத்துவாரம் தாண்டிப் போய்வந்தான்.

"கால எடுத்துடாத."

கொத்தோடு மூழ்கினான்.

குதிகாலுக்குக் கீழே, மறுபக்கத்தில், ஓர் அழுத்தம்.

தண்ணீர் வருவது நின்றது.

கரையில் ஒருவர் வலை உதறிக்கொண்டிருந்தார். கத்தினாள். அவர் நிமிரவில்லை. மறுபடி கத்தினாள். நிமிர்ந்தார். வலையைப் போட்டுவிட்டுத் தன் படகுக்கு ஓடினார்.

அழுத்தம் குறையவில்லை.

அவன் உள்ளே போய் நேரமாகிவிட்டது.

குனிந்தாள். முன்பக்கம் தட்டினாலும் இனி இந்த இடத்தை விட்டு நகரமாட்டான். விரல் முட்டி படகின் அடியைத் தொட்டு நின்றது.

மேலே வா என்பதற்கு அவர்களிடம் ஒரு தட்டு இல்லை.