தொங்குபலகை கேட்ட கேள்வி

ஏறுபவரின் வீட்டு ஆள் “ஏறு” என்று சொன்னால்தான், மாடிச் சுவருக்குப் பெயிண்ட் அடிக்கும் எங்களைத் தூக்கிப்போகும் பேசும் தொங்குபலகை மேலே நகரும். போன வருஷம் பாதுகாப்பு பெல்ட் கொக்கியை மாட்டாமல் விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்ட மகான் நான். அதிலிருந்து என் மனைவி செண்பகவல்லி அந்த ஒரு வார்த்தையைச் சொல்லவேயில்லை.

இன்று சைட்டுக்கே வந்து, கயிற்றை இழுத்துப் பார்த்தாள்.

“நகருய்யா, நானே போய்ப் பாக்குறேன்.” பெல்ட்டை மாட்டிக்கொண்டு பலகையில் நின்றாள்.

பலகை என்னிடம் கேட்டது: “இவர் ஏறலாமா?”

அவள் கொக்கியை நாலு தடவை ஆட்டிப் பார்த்தேன்.

“என் பயம் இப்பத் தெரியுதா?” என்றாள்.

“தெரியுது. ஏறு தாயி.”

பன்னிரண்டாம் மாடிச் சுவரில் ரோலரை ஒரு இழுப்பு இழுத்துவிட்டுக் கத்தினாள்: “நாளைக்கு நீ ஏறுய்யா!”

சைட்டே விசிலடித்தது. அதில், போன வருஷம் விழுந்த என் விசில்தான் சத்தமாகக் கேட்டதாம்.