படம் பிடிக்கக் கூடாது

“அக்கா, அந்தப் போட்டோவை இப்பவே கழட்டுங்க. இல்லாட்டி என்ட மகள்ட கலியாணம் கழண்டுடும்!”

மடவளையிலிருந்து அம்பிட்டிய வரை இரண்டு பஸ் மாறி வந்த பாரூக், மூச்சு வாங்க நின்றார். கொண்டுவந்த மஸ்கட் இனிப்புப் பெட்டியை மேசைமேல் வைத்தார். அது லஞ்சம் என்பது பெட்டியின் அளவிலேயே தெரிந்தது.

டொரதி மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஃபோனைத் தடவினார்.

“எதைச் சொல்றீங்க தம்பி? நேத்து நான் போட்ட புத்தாண்டுப் படத்தையா? முந்நூறு பேர் லைக் போட்டிருக்காங்க. நீங்க அதுல என்னா அழகு!”

அழகில்லை என்று யார் சொன்னது? விக்டோரியா நீர்த்தேக்கக் கரையில் அப்போது ஒரு சுற்றுலா விடுதி இருந்தது. டொரதி அங்கே வரவேற்பு மேசையில், பாரூக் படகுத்துறையில். விடுதியை மூடி எத்தனையோ வருஷமாகியும், அங்கே வேலை செய்தவர்களும் வந்து தங்கியவர்களும் ஃபேஸ்புக்கில் ஒன்றுகூடி, பழைய படங்களைப் போட்டு உருகிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கூட்டத்துக்கு டொரதிதான் தலைவி. அவர் அலுமாரியைத் திறந்தால் யாராவது ஒருவருடைய மானம் வெளியே வரும்.

நேற்று பாரூக்கின் முறை. 1986, டிசம்பர் முப்பத்தொன்று. தோள் வரை முடி, வயிறு வரை திறந்த சட்டை, ஒரு கையில் கிளாஸ். மற்றக் கை, சிவப்புக் கவுன் போட்ட ஒரு பெண்ணின் இடுப்பில்.

“அந்தக் கிளாஸ்ல ஒரேஞ்ச் பார்லி ஜூஸ்தான் ஈக்கிது,” என்றார் பாரூக்.

“நம்புறேன். மத்தக் கையில?”

பாரூக் பொத்தென்று கதிரையில் உட்கார்ந்தார்.

“ஒங்க வீட்டம்மா பார்த்தாங்களா?”

“பார்த்தா. ‘இந்த முடியோட ஒங்களுக்குப் பக்கத்துல நிக்க அவவுக்கு என்ன கேடு’ன்னு கேட்டா. எனக்கு என்ட றமீலாவுக்குப் பயமில்ல அக்கா. பயம் ஹபீல் ஹாஜியாருக்குத்தான்.”

ஹபீல் ஹாஜியார் கடுகண்ணாவையில் கடை வைத்திருப்பவர். பாரூக்கின் மகள் ருஷ்தாவைத் தன் மகனுக்குக் கேட்டு வந்தவர். சீதனம் வேண்டாம் என்றார், நகை வேண்டாம் என்றார். ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார்: கலியாணத்தில் ஒருவரும் படம் பிடிக்கக் கூடாது. வாசலிலேயே எல்லோருடைய ஃபோனையும் வாங்கிப் பையில் போட இரண்டு பேரை இப்போதே ஏற்பாடு செய்துவிட்டார். அடையாள அட்டைக்கே மனிதர் கண்ணை மூடிக்கொண்டுதான் நின்றார் என்று கடைத்தெருவில் பேச்சு.

“அவ்வளவு பேணுதலான ஆள். வாற வெள்ளிக்கிழமை எல்லாம் பேசி முடிவாகப் போகுது. புள்ளைகள் ரெண்டு பேரும் மூணு வருஷமா விரும்பினவங்க அக்கா. இது இல்லாமப் போனா என்ட மகள் தாங்க மாட்டா.”

காலையில் ருஷ்தா தேநீரைக்கூடத் தொடாமல் உட்கார்ந்திருந்த கோலம் அவர் நெஞ்சை அறுத்தது.

டொரதிக்கு மனசு இளகிவிட்டது. ஆனாலும் குறும்பு போகவில்லை.

“அழிச்சிடுறேன் தம்பி. அதுக்கு முன்னுக்கு ஒரு உண்மையைச் சொல்லுங்க. அந்தப் புள்ளைய மனசுல வச்சிருந்தீங்களா, இல்லையா?”

பாரூக் வாசலை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

“மூணு மாசம் தேடினேன் அக்கா. திகன, தெல்தெனிய, ஒரு பஸ் ஹோல்ட் மிச்சம் வைக்கல்ல. அன்டைக்கு ராவு முழுக்க ஒரு வார்த்தை பேசல்ல, அவ்வளவு வெக்கம். அப்பிடி ஒரு அடக்கத்தை நான் பொறகு எங்கயும் காணல்ல. இப்ப உசுரோட ஈக்கிறாவோ, மவுத்தாப் போனாவோ…”

“சேச்சே! நல்லாத்தான் இருக்கு, ஒரு குறையுமில்ல,” என்ற டொரதி, வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

ஒருவன் காதல் தோல்வியைச் சொல்லும்போது இப்படியா சிரிப்பது? பாரூக்குக்குச் சுள்ளென்று கோபம் வந்தது.

“பேராவது சொல்லுங்க.”

“மாட்டேன். மாதா மேல சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன்.”

அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. பாரூக் ஜன்னலால் எட்டிப் பார்த்தார். வெள்ளை ஜுப்பா, நெஞ்சு வரை வெள்ளைத் தாடி. ஹபீல் ஹாஜியாரேதான்!

“முடிஞ்சிது! என்னைப் பத்தி விசாரிக்க வந்துட்டார்!”

சம்பந்தம் பேசுமுன் பள்ளிவாசல், சந்தை, சலூன் என்று மடவளையில் ஓர் இடம் விடாமல் விசாரித்த மனிதர் அல்லவா? பாரூக் குசினிக்குள் பாய்ந்து, கதவிடுக்கில் காதை வைத்துக்கொண்டார். தெரிந்த துஆ எல்லாம் ஒன்றாக நாக்கில் வந்து சிக்கிக்கொண்டன.

உள்ளே வந்த ஹாஜியார் சுகம்கூட விசாரிக்கவில்லை.

“டொரதி அக்கா, அந்தப் போட்டோவை அழிச்சிடுங்க. ஒங்களுக்குக் கோடிப் புண்ணியம்,” என்றார், அழாத குறையாக. “முட்டை குடுக்க வந்த என்னை, மாறுவேடப் போட்டிக்கு ஆள் காணாதுன்னு புடிச்சு அந்தச் சிவப்புக் கவுனை மாட்டி விட்டது நீங்க. அன்டையிலேந்து கேமராவைக் கண்டாலே எனக்குக் காய்ச்சல். இப்ப என்ட மகன் கலியாணம் முடிக்கப்போறது, விடியும் வரைக்கும் என்ட இடுப்பை விடாத அந்தப் பாரூக்ட மகளை!”