அடுத்த அப்டேட்டில்

"இன்னைக்கே அனுப்பணும் சார். அடுத்த அப்டேட் வரைக்கும் வச்சிருக்க முடியாது."

வேலைக்குச் சேர்ந்த அன்றே பக்கத்து சீட் அக்கா சொல்லியிருந்தாள்: லீவு கேள், சம்பளம் கேள், இடையில் அப்டேட் மட்டும் கேட்டுவிடாதே.

மேனேஜர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஒரு கைக்குட்டைக்காக யாராவது வாஷிங் மெஷின் போடுவாங்களாம்மா? சேரட்டும். மொத்தமா துவைச்சுக்கலாம்."

வீட்டில் வைத்து மூச்சு கொடுக்கும் மெஷின்களுக்குள் ஓடும் ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் பராமரிப்பது எங்கள் வேலை. ஸ்டேபிள் என்று பெயர் வைத்து வெளியே விட்டபின் அதில் புதிதாக எதையும் சேர்க்க மாட்டோம். பிழைகளை மட்டும் திருத்துவோம். திருத்தங்கள் வரிசையில் நிற்கும். சில மாதத்துக்கு ஒருமுறை எல்லாம் சேர்ந்து கிளம்பும்.

அனுப்பும் பொத்தான் எங்கள் எல்லோரிடமும் உண்டு. அனுமதி அவரிடம்தான். வரிசையை மீறி ஏதாவது கிளம்பினால் அவர் போன் அலறும்.

கரண்ட் போனால் மெஷின் பேட்டரிக்கு மாறும். பேட்டரி தீரப்போகும்போது அலறி ஆளைக் கூப்பிட வேண்டும். சார்ஜை மிச்சம் பிடிக்கிறேன் என்று சிஸ்டம் சில நேரம் ஸ்பீக்கரையே அணைத்துவிடுகிறது.

போன வாரம் அம்மாவின் மெஷின் அப்படி ஊமையாக நின்றபோதுதான் பிழையைக் கண்டுபிடித்தேன். லீவில் உட்கார்ந்து திருத்தினேன். நாலு வரி. சோதனையிலெல்லாம் தேறிவிட்டது.

அம்மா பஞ்சாலையில் தூசி தின்று என்னைப் படிக்க வைத்தவள். எனக்கு முன் எங்கள் வீட்டில் பார்த்த பட்டம், நூல் கட்டிப் பறக்கவிடுவதுதான்.

"போன வருஷம் அவசரம்னு நடுவுல ஒண்ணு அனுப்பி, எத்தனை மெஷின் நின்னுச்சு தெரியுமா? என்னைக் கல்நெஞ்சுக்காரன்னு சொல்லிக்கோ. நடுவுல தொட மாட்டேன்."

அவர் கல்நெஞ்சுக்காரர் இல்லை. அதுதான் எரிந்தது.

குரலைத் தாழ்த்தினார். "ரொம்ப பயமா இருந்தா உங்கம்மா மெஷின்ல மட்டும் நீயே ஏத்திக்கோ. நான் பார்க்கலை."

"அது இனிமே வேண்டாம் சார்."

"ஏன், வேற மெஷின் வாங்கிட்டீங்களா?"

லீவு எதற்கென்று அவர் கேட்டிருக்கவில்லை. நானும் சொல்லியிருக்கவில்லை.

அன்று கரண்ட் போனபோது நான் அடுத்த அறையில்தான் இருந்தேன். துணி மடித்துக்கொண்டிருந்தேன். எதுவானாலும் மெஷின் கூப்பிடும் என்று.

அடையாள அட்டையைக் கழற்றி அவர் மேஜையில் வைத்தேன். அதை அவர் ஒரு மாதிரி பார்த்தார். பிறகு என்னை.

கதவைத் தாண்டும்போது பின்னால் அவர் போன் அலறத் தொடங்கியது.

நிற்கவில்லை. அனுப்பிவிட்டுத்தான் கேட்கவே வந்திருந்தேன்.