தெரிந்த ஒரே வினைச்சொல்

ஸ்பானிஷ்கார அம்மாள் வாயைத் திறக்கும் முன்பே ஓட்டல் மேனேஜர் வரவேற்பு மேசைக்காரனை முன்னே தள்ளினார். “நம்மாளுக்கு ஸ்பானிஷ் தண்ணி பட்ட பாடு.”

வேலைக்கு விண்ணப்பித்தபோது அளந்த பொய் அது. அவனுக்குத் தெரிந்ததெல்லாம் ‘பேசு’ என்ற ஒரே வினைச்சொல்லின் வாய்பாடுதான்.

வேறு வழியின்றி, உரையாடுவதுபோல் ஏற்றி இறக்கி அதையே ஒப்பித்தான். “ஆப்லோ, ஆப்லாஸ், ஆப்லா?” நிகழ்காலம் முடிந்து இறந்தகாலமும் தீர்ந்ததும் நாக்கு ஒட்டிக்கொண்டது.

அந்த அம்மாள் தலையாட்டிவிட்டு நிதானமாக ஏதோ பதில் சொன்னார்.

“என்னப்பா சொல்றாங்க?”

“ரூம் ரொம்பப் பிடிச்சிருக்காம் சார்.”

மேனேஜர் அவன் முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.

அந்த அம்மாளை அறை வரை கொண்டுவிட அவனும் லிஃப்டில் ஏறினான். கதவு மூடியதும் அவர் அவனுடைய மொழியிலேயே பேசினார்.

“எதிர்காலத்தை விட்டுட்டீங்க தம்பி. நான் சொன்னது அதைத்தான். முப்பது வருஷமா உங்க நாட்டுலதான் ஸ்பானிஷ் டீச்சர்.”

அவனுக்குக் காது மடல் சுட்டது. “அங்கயே சொல்லியிருக்கலாமேம்மா.”

“உங்க வேலை போயிருக்குமே. பாத்ரூம்ல திடீர்னு தண்ணி நின்னுபோச்சு, அதைச் சொல்லத்தான் வந்தேன்.”

அப்போதுதான் பார்த்தான். அவர் காதோரத்தில் சோப்பு நுரை வெள்ளையாகக் காய்ந்திருந்தது.