சிவப்புக் கொடியார்

"பத்தாவது நாளா சிவப்புக் கொடி. கேட்க ஆளே இல்லையா?"

சர்ஃபிங் மாஸ்டர் கேட்டது, குடைக்கடியில் உட்கார்ந்திருந்த லைஃப்கார்டிடம்.

கடலில் இடுப்பளவு அலைதான். புதிதாகக் கற்றுக்கொள்பவர்களுக்கென்றே அளந்து அனுப்பினது மாதிரி வந்துகொண்டிருந்தது. மணலில் பலகைகளைப் போட்டுவிட்டு மாணவர்கள் பதினோரு பேர் காத்திருந்தார்கள். மாஸ்டரின் பத்து வயது மகளும் கூட இருந்தாள்.

"உள்ளே இழுப்பு இருக்கு மாஸ்டர். இன்னிக்கு யாரும் இறங்க வேண்டாம்."

"எங்கே இருக்கு? காட்டுங்க."

லைஃப்கார்டு கையைப் பொதுவாக நீட்டினார். "அந்தப் பக்கம்."

"அந்தப் பக்கம் முழுக்கக் கடல்தாங்க இருக்கு."

மாணவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

இருபது வருஷமாக அங்கே வேலை பார்ப்பவர். எத்தனையோ பேரைத் தூக்கிக் கரை சேர்த்தவர்தான். இப்போது உடம்பு கனத்துவிட்டது, தண்ணீரில் இறங்கச் சோம்பல், அதனால்தான் கொடியை ஏற்றிவிட்டு நிழலில் உட்கார்ந்துவிடுகிறார் என்று பேச்சு. 'சிவப்புக் கொடியார்' என்று பட்டப்பெயரும் வைத்தாகிவிட்டது.

"சரி, நானே போய்ப் பார்க்கிறேன். இழுத்துட்டுப் போனா வந்து காப்பாத்துங்க" என்றார் மாஸ்டர்.

"சொன்னாக் கேளுங்க. பாப்பா பார்த்துட்டிருக்கா."

"அவ பார்க்கட்டும்னுதான் போறேன்."

மாஸ்டர் நீந்திப் போய், லைஃப்கார்டு கை காட்டிய இடத்தில் மல்லாந்து மிதந்தார். கால் மணி நேரம். இருந்த இடத்தை விட்டு நகரவேயில்லை. ஒரு மாணவன் செல்போனில் படம் பிடித்தான்.

"ஐயோ இழுக்குதே, ஐயோ இழுக்குதே" என்று மாஸ்டர் அங்கிருந்தே கத்திக் கொட்டாவி விட்டுக் காட்டியதும் அதில் பதிவானது.

சாயங்காலத்துக்குள் ஊரில் பாதிப் பேர் போனில் அந்தப் படம். மறுநாளே கடற்கரை ஆபீஸில் விசாரணை. மாஸ்டர் எழுத்து மூலம் புகார் கொடுத்தார். பொய் எச்சரிக்கை கொடுத்ததாக லைஃப்கார்டை வேலையிலிருந்து எடுத்தார்கள்.

அவர் விசிலைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "புதுசா வர்றவர்கிட்ட மட்டும் அஞ்சு நிமிஷம் பேசிட்டுப் போறேன்" என்று கேட்டார். அதற்கும் விடவில்லை.

புது லைஃப்கார்டு வந்தார். பச்சைக் கொடி ஏறியது. பலகையோடு முதலில் தண்ணீரில் பாய்ந்தவள் மாஸ்டரின் மகள்தான்.

ஐந்தாம் நாள் அவளுக்கு வயிற்றுவலி. ஏதாவது ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கும் என்று கஷாயம் வைத்துக் கொடுத்தாள் மாஸ்டரின் மனைவி. அடுத்த நாள் ரத்தமாகப் போனது. ஆஸ்பத்திரியில் சேர்த்த மூன்றாம் நாள் சிறுநீர் நின்றுவிட்டது.

டாக்டரம்மா மாஸ்டரை வராந்தாவுக்குக் கூப்பிட்டார்.

"ரெண்டு கிட்னியும் வேலை செய்யலை. இப்பவே மெஷின்ல போட்டாகணும். கையெழுத்துப் போடுங்க."

போட்டார்.

"பொழைச்சுக்குவாளா டாக்டர்?"

"பார்க்கலாம். கடல்ல குளிச்சாளா?"

"தினமும் சர்ஃபிங். நான்தான் கத்துக் கொடுக்கிறேன்."

"அப்போ தண்ணி வாயில போயிருக்கும்."

"விழும்போது ரெண்டு மடக்கு போகத்தான் செய்யும். ஆனா அங்கே 'குளிக்க ஏற்றது'ன்னு போர்டே வெச்சிருக்காங்களே?"

"அது போன மாச மழைக்கு முன்னாடி வெச்ச போர்டு. மழையில சாக்கடைக் குழாய் உடைஞ்சு அங்கேதான் கலக்குது. இதே நோவோட இங்கே வந்ததுல உங்க பொண்ணு ஏழாவது குழந்தை. முதல்ல வந்த குழந்தையைக் காப்பாத்த முடியலை. நடுவுல கொஞ்ச நாள் புதுசா யாரும் வரலை. இப்போ மறுபடியும் ஆரம்பிச்சிருக்கு."

"ஆபீஸ்ல நீங்க சொல்லலையா?"

"மூணு லெட்டர் போட்டேன். ஒண்ணுக்கும் பதில் இல்லை. அந்த முதல் குழந்தை கரையில மயங்கி விழுந்தப்போ தூக்கிட்டு ஓடி வந்தவர் உங்க லைஃப்கார்டுதான். அவர்கிட்ட விஷயத்தைச் சொன்னேன். நேரா ஆபீஸுக்குப் போய்ச் சண்டை போட்டிருக்காரு. 'தண்ணி உங்க வேலை இல்லை, அலையை மட்டும் பாருங்க. தண்ணியைப் பத்தி வெளியே மூச்சு விட்டா வேலை போயிடும்'னு சொல்லி அனுப்பிட்டாங்களாம்."

"அப்போ அந்தச் சிவப்புக் கொடி..." என்றார் மாஸ்டர்.

"திரும்பி வந்து என்கிட்ட சொன்னாரு, 'பரவாயில்லை டாக்டர், அலையைச் சொல்லியே மூடி வைக்கிறேன். கேலி பண்ணுவாங்க, பண்ணட்டும். நான் அங்கே இருக்கிற வரைக்கும் ஒரு குழந்தை தண்ணியில கால் வைக்காது'ன்னு."

டாக்டரம்மா கையெழுத்தான தாளை மடித்தபடி நிமிர்ந்து கேட்டார்.

"அவர் கண்ணுல படாம உங்க பொண்ணு எப்படிங்க இறங்கினா?"